வெறும் வயிற்றில் வர வேண்டும்

“கேதரின், இங்க கேளு. சோயா அவரை சாப்பிட்டா ரத்தத்துல இருக்கிற கொழுப்பு இறங்குதாம். வெள்ளைக்காரன் ஊர்ல பரிசோதனை பண்ணிப் பார்த்திருக்கான்.”

வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டே சில்வெஸ்டர் குரல் கொடுத்தார். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. மூன்று மாதமாக சோயா என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் அதை வெட்டி எடுத்து மனைவிக்குப் படித்துக் காட்டுவதுதான் அவருடைய புது உத்தியோகம்.

“போன வாரம் சோயா சாப்பிட்டா மூட்டு வலி வரும்னு படிச்சீங்களே?” என்று கேதரின் உள்ளேயிருந்து கேட்டாள்.

“அது வேற பேப்பர்லா.”

“அப்ப எந்தப் பேப்பர் பேச்சை நான் கேட்கிறது?”

“ரெண்டையும் வெட்டி வெச்சிருக்கேன். எது சரின்னு தெரிஞ்சதும் மத்ததத் தூக்கிப் போட்டுடலாம்.”

எது சரி என்று தெரியும் நாள் இன்றுதான். திங்கட்கிழமை கொடுத்த ரத்தத்துக்கு இன்று வெள்ளிக்கிழமை கூலிம் கிளினிக்கில் ரிசல்ட் வருகிறது. கேதரினுக்கு நேற்றிலிருந்தே சோறு இறங்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சியில் சாய்ந்துவிட்டாள். டாக்டர் பழனியாண்டி ரத்தம் எடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரோல் இருநூற்றுத் தொண்ணூறு. அவளுடைய அக்கா லூர்தம்மாள் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தபோது, அவளுக்கும் அதே அளவுதான் இருந்தது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். ஊரில் நினைவுபடுத்த ஆளுக்கா பஞ்சம்?

“உங்களுக்கு அது நின்னு எவ்வளவு காலம் ஆகுதும்மா?” என்று டாக்டர் அன்றைக்கு நேராகவே கேட்டார். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தார். கேதரின் தரையைப் பார்த்துக்கொண்டு மூன்று விரலைக் காட்டினாள்.

“மூணு வருஷம். அது வர்ற வரைக்கும் பொம்பளை உடம்புல ஒரு காவல்காரன் இருக்கான். நின்னதும் அவன் வேலையை விட்டுட்டுப் போயிடுறான். இனிமே நீங்கதான் காவல் காக்கணும். ஆட்டுக்கறி, முட்டை, தேங்காய்ப்பால் எல்லாத்தையும் ஒதுக்குங்க. மூணு மாசம் பார்ப்போம். இறங்கலைன்னா மாத்திரை.”

லூர்தம்மாளும் மாத்திரை தின்றவள்தான். தின்றுகொண்டிருக்கும்போதே போனவள். அதனால் மாத்திரை என்ற சொல்லைக் கேட்டாலே கேதரினுக்குச் சவப்பெட்டி ஞாபகம் வரும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அடுப்படியைக் கையில் எடுத்தவள் மருமகள் ஜோன். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையாத பெண். அப்பா தமிழர், அம்மா சீனத்தி. அந்த அம்மா கூலிம் பாசாரில் சோயாப் பாலும், அதைக் கட்டியாக்கிய தௌஹூவும் விற்கிறவள். மகன் கென்னத் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது கேதரின் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அதெல்லாம் பழைய கதை.

புதிய கதை என்னவென்றால், கென்னத்துக்கு லாரி கம்பெனியில் தெற்குக் கோடியில் இருக்கும் ஜொகூருக்கு மாற்றல் வந்தது. அவன் போய்விட்டான். ஜோன் போகவில்லை.

“அத்தையோட நம்பர் இறங்கட்டும், வர்றேன்” என்று புருஷனை அனுப்பிவிட்டு இங்கேயே இருந்துவிட்டாள். காலையில் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கப் போவாள். மாலையில் வந்து சோயா அவரையை ஊறப்போட்டு, கேதரினின் ஆட்டுக்கல்லிலேயே போட்டு ஆட்டுவாள். முதல் நாள் கேதரின் கொதித்துப் போனாள். தோசை மாவு ஆட்டுகிற கல்லாயிற்றே! இப்போது தோசை மாவிலும் சோயா வாசம் அடிக்கிறது. எல்லோரும் அதையே சாப்பிடுகிறார்கள். தௌஹூ புளிக்குழம்பு, புளிக்க வைத்த சோயாத் தெம்பே வறுவல், காலையில் சர்க்கரை போடாத சோயாப் பால் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது.

“கேதரினு, இந்தச் சீனத் தயிர்க்கட்டியத் தின்னுத் தின்னு உனக்கு வாய்வு புடிக்கப் போவுது பாரு” என்று அடுத்த வீட்டு மருதம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

“வாய்வு பரவால்லக்கா. நெஞ்சடைப்புதான் பயம்.”

“நெஞ்சடைப்பே வாய்வாலதான் வருது!”

கேதரின் உள்ளே வந்து சேலை மாற்றிக்கொண்டாள். ஜோன் லீவு போட்டுவிட்டுக் குடையும் கையுமாகத் தயாராக நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“இறங்கியிருக்கும் அத்தே. பாருங்களேன். எங்கம்மா கூட மெழுகுவர்த்தி வெச்சிருக்காங்க.”

“உங்கம்மா கோயிலுக்கு வரமாட்டாங்களே?”

“அவங்க சீனக் கோயில்லதான் வெச்சாங்க. எந்தச் சாமி கேட்டா என்ன, இறங்கினா சரி.”

கேதரின் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். இறங்கினால் இந்தப் பெண் போய்விடுவாள். இறங்காவிட்டால் அக்கா மாதிரி நானும் போய்விடுவேன். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஜெபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி பெர்னதெத் பெயரைக் கூப்பிட்டாள். அவளும் கேதரின் போகும் லூனாஸ் மாதா கோயில்காரிதான். கேதரின் வயது இருக்கும்.

டாக்டர் பழனியாண்டி ஒரு காகிதத்தைப் பார்த்தார். பழைய காகிதத்தைப் பார்த்தார். மறுபடி புதியதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டரே கண்ணாடியைத் துடைத்தால் நோயாளி என்ன செய்வாள்?

“சொல்லுங்க டாக்டர், இறங்கிடுச்சா?” என்று ஜோன்தான் கேட்டாள்.

“ஒரு நம்பர் இறங்கியிருக்கு. ஒரு நம்பர் ஏறியிருக்கு.”

“ஒரு ரத்தத்துல எத்தனை நம்பர் டாக்டர்?” என்றாள் கேதரின்.

“கொழுப்புல பல சாதி இருக்கும்மா. கொலஸ்ட்ரோல் இருநூத்தித் தொண்ணூறு இருந்தது, இப்ப இருநூத்தி அறுபத்திரண்டு. நல்ல விஷயம். ஆனா ட்ரைகிளிசரைடுன்னு இன்னொரு கொழுப்பு. அது போன தடவையைவிட ரெண்டு மடங்கு எகிறி நிக்குது. எனக்கே புரியல. கறி தின்னீங்களா?”

“மூணு மாசமா கறிச்சட்டியே அடுப்புல ஏறல” என்றாள் ஜோன்.

“அன்னைக்குக் காலையில வெறும் வயித்தோடதானே வந்தீங்க?”

“ஆமா டாக்டர்” என்றாள் கேதரின். “வீட்டுல மருதம்மாக்கா குடுத்த இடியாப்பம்தான் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் கொஞ்சமாத்தான் ஊத்திக்கிட்டேன். அப்புறம் ஒரு காப்பி. டின் பால் போட்டது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஜோன் மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

“எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?”

“ஏழு மணிக்கு. நீங்க ரத்தம் எடுத்தது ஒம்பது மணிக்குத்தானே? ஒரு மணி நேரம் போதும்னாலும் நான் ரெண்டு மணி நேரம் விட்டேன்.”

“ஒரு மணி நேரம் போதும்னு யாரு சொன்னது?”

“மிஸ்ஸிதான். நன்மை வாங்கப் போற மாதிரி வெறும் வயித்தோட வாங்கக்கான்னு சொன்னாங்க.”

“நன்மைன்னா?” என்றார் டாக்டர். அவர் முருகன் கோயில்காரர்.

“பூசையில சாமியார் நாக்குல அப்பம் வெப்பாரே டாக்டர், அது” என்று சொல்லிக்கொண்டே மிஸ்ஸி பெர்னதெத் ஓடி வந்தாள். “ஐயோ அக்கா! நான் சொன்னது நம்ம சின்ன வயசு நன்மையை. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாதுன்னு இருந்தோமே, அந்த நன்மை!”

“அதை எப்பவோ மாத்திட்டாங்களே மிஸ்ஸி. இப்ப ஒரு மணி நேரம்தான்னு ஃபாதரே சொல்லியிருக்காரு.”

“கோயில்ல சட்டம் மாறினா ரத்தம் மாறுமாக்கா?”

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிஸ்ஸியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜோன் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப தௌஹூ வேலை செஞ்சுதா இல்லையா டாக்டர்?” என்று கேட்டாள்.

“சாப்பிட்டதால ஏறினது அந்த ரெண்டாவது நம்பரா இருக்கலாம். இல்ல, நிஜமாவே ஏறியும் இருக்கலாம். மறுபடி எடுத்தாத்தான் தெரியும். முதல் நம்பர் இறங்கினது தௌஹூவாலன்னு வெச்சுக்கலாம். ஆனா தௌஹூ உள்ள வந்ததால இறங்குச்சா, ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பாலும் வெளிய போனதால இறங்குச்சா? ரெண்டையும் ஒண்ணா செஞ்சுட்டோம். எனக்கு எப்படிம்மா தெரியும்? சோயா நல்லதுன்னு சில டாக்டருங்க எழுதுறாங்க, பெருசா ஒண்ணுமில்லன்னு சில பேர் சொல்றாங்க. சாப்பிடுங்க, கெடுதல் இல்லை. அடுத்த திங்கக்கிழமை ஒழுங்கா வெறும் வயித்தோட வாங்க. ரிசல்ட் வந்ததும் முடிவு பண்ணுவோம், மாத்திரை வேணுமா வேணாமான்னு.”

வெளியே வந்தபோது நல்ல வெயில். இறங்கியது, ஏறியது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ளே போகும்போது ஒரு குழப்பத்தோடு போன கேதரின் நாலு குழப்பத்தோடு வெளியே வந்தாள்.

பஸ் நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் ஜோன் ஜொகூருக்கு அழைத்தாள். கேதரின் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமானால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் சில நாள் இந்தப் பெண் இருப்பாள். ஒருவேளை இன்னும் ஒரு மாதம்.

அக்கா லூர்தம்மாள் செத்த பிறகு, உடம்பைப் பற்றிப் பேச அவளுக்கு ஒருவரும் இல்லை. ராத்திரியில் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதித்து, தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்துக் கொட்டும். அதைப் புருஷனிடம் சொன்னால் “காய்ச்சல் மாத்திரை போடு” என்பார். ஜோனிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னாள். ஜோன் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டு, “எங்கம்மாவுக்கும் இப்படித்தான் அத்தே. பைத்தியம் பிடிக்கப் போகுதோன்னு அழுவாங்க” என்றாள். கேதரினும் அதையேதான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஜோன் போனை வைத்துவிட்டு வந்தாள்.

“அவர் இல்ல அத்தே. கூட இருக்கிறவர்தான் எடுத்தாரு. நேத்து ராத்திரியே பேக்கை எடுத்துக்கிட்டு எங்கயோ போயிட்டாராம். எங்கன்னு சொல்லலையாம்.”

“சண்டை கிண்டை போட்டீங்களா?”

“போன வாரம் போன்ல கோபப்பட்டாரு. நீ என்னைக் கட்டிக்கிட்டியா, எங்கம்மாவைக் கட்டிக்கிட்டியான்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.” ஜோன் குடையை விரித்தாள், மடக்கினாள். “இன்னும் ஒரு வாரமாகும்னு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே போனேன். சொல்லவே ஆள் இல்ல.”

பஸ்ஸில் ஜோன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரப்பர்த் தோட்டத்துக் கித்தா மரங்கள் ஓடின. ஒரு இடத்தில் அவள் புறங்கையால் கண்ணைத் துடைப்பதைக் கேதரின் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வந்த சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்த நினைவு வந்தது. யாரும் கேட்காமலே வந்தது.

மிஸ்ஸி “நன்மை வாங்கப் போற மாதிரி” என்று சொன்னபோது முதலில் மனத்தில் தோன்றியது எது? ஒரு மணி நேரச் சட்டம் இல்லை, பழைய சட்டம்தான். முதல் நன்மை வாங்கும் அன்று, முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வெள்ளைக் கவுனோடு வரிசையில் நின்று, பசி மயக்கத்தில் பீடத்துக்கு முன்னால் விழுந்த சிறு பெண் அவள். அவளுக்கா அந்தச் சட்டம் மறக்கும்? ரத்தம் கொடுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல்தான் படுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பிய ஜோன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: “இறங்கிடுச்சுன்னா அடுத்த வாரமே டிக்கெட் எடுத்துடலாம் அத்தே.”

அதற்கப்புறம்தான் மருதம்மாள் இடியாப்பத் தட்டோடு வேலியில் வந்து நின்றாள். அதற்கப்புறம்தான் ஒரு மணி நேரச் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

பசியில் சாப்பிட்டோமா? தெரியாமல் சாப்பிட்டோமா? இல்லை, தெரிந்தேதானா? கேதரின் தன்னையே கேட்டுப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றாலும் எதைச் சொல்வது? பாவமா, மறதியா என்று தெரிந்தால்தானே முழங்காலில் நிற்க முடியும்? நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் அழுகிறாள். அழ வைத்தவள் நான்தான்.

வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஷூ கிடந்தது. செம்மண் படிந்த பெரிய ஷூ.

கென்னத் உள்ளே அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த கண்கள். பக்கத்தில் ஜோனின் பச்சைப் பெட்டி. அவனே இறக்கி வைத்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே திணித்திருந்தான். ஒரு சேலைத் தலைப்பு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“சாயங்கால பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்” என்றான் யாரையும் பார்க்காமல். “எனக்கு லீவு இன்னைக்கு மட்டும்தான். நாளைக்கு லாரி எடுக்கணும்.”

“என்னங்க, ஒரு வார்த்தை சொல்லாம…” என்று ஜோன் ஆரம்பித்தாள்.

“சொன்னா என்ன சொல்வே? நம்பர் இறங்கலைன்னு சொல்வே. மூணு மாசமா அதைத்தானே சொல்றே.” அவன் குரல் உயர்ந்தது. பிறகு அம்மாவைப் பார்த்ததும் தணிந்தது. “அம்மா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. பெரியம்மா மாதிரி உங்களுக்கும் ஆயிடுமோன்னு அங்க தூக்கமே இல்ல. ஆனா இப்படியே எத்தனை நாளைக்கு? சொல்லுங்க. இறங்கிடுச்சா, இல்லையா?”

சில்வெஸ்டர் வெட்டிய காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு மனைவியின் வாயையே பார்த்தார். ஜோன் பதில் சொல்ல வாயெடுத்தாள். கேதரின் முந்திக்கொண்டாள்.

“இறங்கிடுச்சுப்பா.”

“நிஜமாவாம்மா?”

“டாக்டர் வாயாலயே சொன்னாரு. இருநூத்தி அறுபத்திரண்டு. உன் பொண்டாட்டி ஆட்டிக் குடுத்த தௌஹூதான். கூட்டிக்கிட்டுப் போ.”

பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இருந்தும் அதைச் சொல்லி முடித்ததும் கேதரின் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை தனியாகப் போய்க்கொள்ளலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகலாம். என்ன வருகிறதோ அதைத் தானே கேட்டுக்கொள்ளலாம்.

கென்னத் எழுந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். சின்னப் பையனாக இருந்தபோது செய்தது.

“அப்ப இத தூக்கிப் போட்டுடலாம்” என்று சில்வெஸ்டர் மூட்டு வலிக் காகிதத்தை எடுத்து, ரொம்ப நிம்மதியாக, நாலாகக் கிழித்தார்.

ஜோன் மட்டும் வாசற்படியிலிருந்து அசையவில்லை. அவள் கண் நாற்காலியைப் பிடித்த மாமியாரின் கை மேலேயே இருந்தது. பெட்டியிலிருந்து தொங்கிய சேலைத் தலைப்பை அவள் உள்ளே தள்ளவும் இல்லை, வெளியே இழுக்கவும் இல்லை.

“எந்த நம்பர் அத்தே இறங்குச்சு?” என்று மெதுவாகக் கேட்டாள். “அவர்கிட்ட முழுசாச் சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

கென்னத் தலையை நிமிர்த்தினான்.